குளத்துக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

"நல்லாத் தூங்கினேன்."

மருமகள் தூங்கவில்லை. காரணம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். இது முதல் தடவை இல்லை. முன்பு கேட்டபோது "கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். திரும்பக் கேட்டபோது "இன்னும் கொஞ்ச நாள்" என்றாள். இப்போது அவர் வேறு ஊரில் பெரிய கடை பிடித்திருக்கிறார், நாளைக்குக் கிளம்புகிறார்.

"இந்தத் தடவையும் அப்புறம்னு சொன்னீங்கன்னா, அதை இல்லைன்னே எடுத்துக்கறேன். கோபமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல மனிதர். கெட்டவர்கள் கெடு வைத்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். நல்லவர்கள் வைத்தால்தான் சிக்கல்.

அவள் கணவன் இறந்து நான்கு வருடமாகிறது. ஒரு மழை நாளில் வேலைக்குக் கிளம்பிப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் மாமனார், மாமியாரோடு அதே வீட்டில் இருக்கிறாள். அம்மா வீட்டுக்குப் போ என்று இவர்கள் சொல்லவில்லை. போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. தான் கிளம்பிவிட்டால் இந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரரைப் பிடித்திருக்கிறதா என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிடித்திருந்தது. அதை நினைத்தாலே கண் கலங்கும் அளவுக்குப் பிடித்திருந்தது.

மாமியாரும் தூங்கவில்லை. வியாழக்கிழமை, மருமகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அடுக்களையில் சார்ஜ் போட்டிருந்த அவளுடைய கைபேசி அடித்தது. மாமியார் எடுத்தார். பேசியது கண்ணாடிக் கடைக்காரர். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்த அம்மாள் எனக்கே இன்னும் சொல்லவில்லை.

மாமனார் தூங்காததற்குக் காரணம் கோல்ஃப்.

கோல்ஃப் என்றதும் 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானம் ஊருக்குப் பொதுவானது. யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். அந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் மகன். அப்பாவும் மகனும் ஜோடி சேர்ந்து வருடா வருடம் குடும்பப் போட்டியில் ஆடுவார்கள். மகன் போன பிறகு மாமனார் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். மாமியார்தான் மருமகளைக் கூப்பிட்டு, "நீயாவது அவரை வெளியே இழுத்துட்டுப் போயேன். குச்சியைப் பிடிக்கக் கத்துக்கோ" என்றார்.

கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அந்தக் குடும்பப் போட்டி.

காலை டீயைக் கையில் வாங்கிய மாமனார் கப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் முழுசு ஊத்தறே. எனக்கு மட்டும் ஏன் எப்பவும் முக்கால் கப்பு?"

"அவ்வளவுதான் வந்துச்சு" என்றார் மாமியார்.

"தினமுமா?"

"தினமும்தான்."

மாமனார் மருமகளைப் பார்த்து, "மேலிடத்து உத்தரவு" என்று கண்ணைச் சிமிட்டினார். மனைவிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மேலிடம். மேலிடம் ஊராருக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கஜம் துணி வேண்டும் என்று சொல்வார். அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது, அதனால் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்.

இப்போது மேலிடம் பெரிய ஃபிளாஸ்க்கில் டீயை நிரப்பிக்கொண்டிருந்தார். பையில் எவர்சில்வர் கப்புகளை எடுத்துப் போட்டார்.

"நாலு கப்பு எதுக்கு, அத்தை? நாம மூணு பேர்தானே?"

"ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னா?"

"எவர்சில்வர் உடையுமா?"

"உனக்கு விளையாட நேரமாகலையா?" என்றார் மாமியார். அந்த வீட்டில் பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் அதுதான் பதில்.

*

இந்தக் குடும்பப் போட்டியில் ஒரு விசேஷம் உண்டு. ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்தால், அது போய் விழுந்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். பிறகு மறுபடியும் முதலாமவர். மாறி மாறி, பந்து குழிக்குள் விழும் வரை. ஆகவே நீங்கள் செய்யும் தப்பை நீங்கள் அனுபவிக்க மாட்டீர்கள். உங்கள் ஜோடி அனுபவிப்பார். இதைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் கல்யாணம் ஆனவராகத்தான் இருக்க வேண்டும்.

மருமகளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஆட்டத்திலும் அப்படித்தான். மரம் குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போவாள். மணல் பள்ளம் இருந்தால் அதற்கு முன்னாலேயே பந்தை நிறுத்திக்கொள்வாள். அவள் கணவன் நேர் எதிர். கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் குழி இருக்கும் இடத்தைக் காட்டும் கொடி. நிறுத்தி ஆடு என்று யார் சொன்னாலும் கேட்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரே அடியில் தாண்டப் பார்ப்பான். ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. அந்தக் குளத்தின் அடியில் அவன் பந்துகள் எத்தனை கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

இவள் குளத்துக்கு இந்தப் பக்கமே, தண்ணீரின் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். பிறகு மாமனாருக்கு ஒரு சின்ன அடிதான் பாக்கி. குழந்தைகூட அடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பயிற்சியில் மாமனார் அதைத் தண்ணீரில் போடுவார்.

"கண்ணாடி வழுக்கிடுச்சும்மா" என்றார் முதல் தடவை.

அன்று சாயங்காலமே அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றார். மாமனார் விடவில்லை. "இல்ல, மங்கலா இருக்கு" என்று புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு ஆடியும் பந்து குளத்தில் விழுந்தது. இன்னொரு கண்ணாடி. பிறகும் விழுந்தது, பிறகும் இன்னொன்று. மூன்றாவது கண்ணாடி தயாராவதற்குள் மருமகளும் கடைக்காரரும் பார்வைக் குறைவைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் கதை இப்படித்தான் தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மருமகளும் தன் பங்குக்கு மாமனாருக்கு உதவப் பார்த்தாள். பாவம், தூரம் அதிகமாக இருக்கிறது போல என்று, ஒவ்வொரு தடவையும் பந்தைத் தண்ணீருக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். இனி இதைவிடச் சுலபமாக யாரும் வைத்துக் கொடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

*

போட்டியில் அவர்களோடு சேர்ந்து ஆடியது பல் டாக்டரும் அவர் மனைவியும். அமைதியான தம்பதி. நன்றாகவும் ஆடினார்கள். ஆனாலும் கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு ஜோடியும் சமமாக நின்றது. மற்றவர்கள் எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். கோப்பை இந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு என்று ஆகிவிட்டது.

மாமனார் முதல் அடியை அடித்தார். முழு வீச்சு. பந்து நேராகப் பறந்து, உயரத்தில் ஒரு கணம் நின்று, புல் பாதையின் நட்டநடுவில் போய் விழுந்தது. பல் டாக்டரே கை தட்டினார்.

அடுத்தது மருமகள். இருவரும் மட்டைப் பை வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பந்து வரை நடந்தார்கள். எதிரே குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் கொடி, கொடிக்குப் பின்னால் ஒரு மரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சின் மேல் விரித்த குடை. குடைக்குக் கீழே மாமியார் இருக்கிறார் என்று ஊகம்தான். அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் அடையாளம் தெரியாது.

அவளிடம் உள்ள மட்டைகளில் நீளமானதை எடுத்து, அவள் அடித்ததிலேயே நல்ல அடியாக அடித்தால், பந்து தாண்டும். கொஞ்சம் குறைந்தால் தண்ணீர். அவள் யோசிக்கவே இல்லை. சின்ன மட்டையை உருவினாள்.

"வழக்கம்போல கரையோரம் நிறுத்திடறேன் மாமா. உங்களுக்குச் சின்ன அடிதான்."

"ம்" என்றார் மாமனார். அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்தவர் போல அக்கரையைப் பார்த்தார். "அங்க பாரு, உங்க அத்தை பெஞ்சு மேல கப்பை அடுக்கறா. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு."

மருமகளின் மட்டை பாதி வழியில் நின்றது.

"மாமா, இங்கேருந்து உங்களுக்குக் கப்பு தெரியுதா?"

மாமனார் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு கண்ணாடி மாத்தியும் கிட்ட இருக்கிற பந்தே மங்கலாத் தெரியுதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம்?"

"கை."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"முழுசா வீசினா ஒண்ணும் இல்ல, இப்ப பார்த்தேல்ல. சின்னதா, மெதுவா ஒரு அடி அடிக்கணும்னு வந்தாத்தான் கடைசி நொடியில கை குதிக்குது. லிஃப்ட் மாடி வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு, கதவு திறக்கறதுக்கு முன்னாடி ஒரு குதி குதிக்கும் பார்த்திருக்கியா? அந்த மாதிரி. லிஃப்டுன்னா மேல ஏறிச் சரி பண்ணிடுவேன். இதை எங்க ஏறிச் சரி பண்றது?"

"எப்போலேருந்து?"

"அவன் போனதுலேருந்து."

காற்றில் குளத்துத் தண்ணீர் சிலுசிலுத்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு தடவையும், எந்த அடி அவரால் முடியாதோ அதே அடியைப் பொறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அதுவும் அன்போடு.

"உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான் மாமா கரை வரைக்கும் கொண்டுபோய் வச்சேன்."

"தெரியும்மா. அதனாலதான் சொல்லலை. இவ்வளவு ஆசையா ஒருத்தி செய்யறப்ப எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நீ எனக்காக நிறுத்தறே. நிறுத்தின இடத்துலேருந்து அடிக்க வேண்டியவன் நான்."

பின்னால் பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாங்க வேணும்னா முதல்ல அடிச்சிடட்டுமா சார்?"

"ரெண்டு நிமிஷம் டாக்டர். நீங்க பல்லு பிடுங்கறப்ப நாங்க வந்து அவசரப்படுத்தறோமா?"

பல் டாக்டர் சிரித்துவிட்டு, மனைவியோடு நிழலுக்கு ஒதுங்கினார்.

"சரி, அப்போ இன்னும் பின்னாடியே நிறுத்தறேன். உங்களுக்கு முழு வீச்சு கிடைக்கிற மாதிரி" என்றாள் மருமகள். அவளுக்கு அதற்குள் ஒரு வழி தோன்றிவிட்டது. பரிசோதனைக் கூடத்து மூளை.

"பண்ணலாம். நல்ல யோசனைதான். கோப்பைகூடக் கிடைக்கலாம்." மாமனார் தலையாட்டினார். "ஆனா அதுவும் எனக்காகத்தானே?"

"வேற யாருக்காக?"

"அதைத்தான் கேட்கறேன்."

மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி பேசினார். அவர் முக்கியமான எதையும் முகம் பார்த்துச் சொன்னதில்லை.

"கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு அந்தக் கண்ணாடிக் கடைப் பையன் முதல் நாளே சொல்லிட்டான். ரெண்டாவது கண்ணாடி நான் என் பொய்யைக் காப்பாத்த வாங்கினது. மூணாவது எதுக்கு வாங்கினேன்னு நினைக்கறே?"

மருமகளின் கை மட்டையை இறுக்கிப் பிடித்தது.

"ரெண்டாவது கண்ணாடி வாங்கப் போனப்பத்தான் பார்த்தேன். நீ அங்க ஏதோ கேட்டு வாய்விட்டுச் சிரிச்சே. நம்ம வீட்டுல அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு! திரும்ப அங்க கூட்டிட்டுப் போகணும்னா எனக்குக் கண்ணு மங்கணும். மங்க வச்சேன்."

"மாமா..."

"இரு, முடிச்சிடறேன். மேலிடத்தோட தங்கச்சி, தன் ஊர்ல பக்கத்து வீடு காலியா இருக்கு, வந்துடுங்கன்னு ரெண்டு வருஷமாக் கூப்பிட்டுட்டிருக்கா. அக்காளும் தங்கச்சியும் நாள் பூரா பேசிட்டே இருக்கலாம், எனக்கும் அங்க நாலு பேர் கிடைப்பாங்க. போகணும்னு எங்களுக்கும் ஆசைதான். உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு வேணாம்னு சொல்லிட்டிருக்கோம். உனக்காக நாங்க நிக்கறோம். எங்களுக்காக நீ நிக்கறே. குளம் பாட்டுக்கு அங்கேயே கிடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வீட்டிலேயே தங்குவதற்கு அவளுக்கு இருந்த ஒரே காரணம் அவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே காரணம் அவள்.

"அவரை விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு, மாமா" என்றாள் மெதுவாக. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கடைக்காரரிடம்கூட.

மாமனார் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார்.

"அவன் எங்கேயும் நின்னவனா என்ன? நீ நின்னா அவனை நினைக்கறேன்னு அர்த்தமா? அவனுக்கே அது பிடிக்காது." மட்டைப் பையை அவள் பக்கம் தள்ளினார். "இப்ப சொல்லு. எனக்காக இல்ல, அத்தைக்காக இல்ல, அந்தப் பையனுக்காகவும் இல்ல. நிறுத்தணுமா, தாண்டணுமா? எதைச் சொன்னாலும் அடுத்த அடி நான் அடிக்கறேன்."

அவள் குளத்தைப் பார்த்தாள். பெரிதாகத்தான் இருந்தது.

"விழுந்தா?"

"ஒரு அடி தண்டம். அவ்வளவுதான் சட்டம்."

மருமகள் சின்ன மட்டையைப் பைக்குள் திரும்பச் செருகினாள்.

"எனக்குத் தாண்டணும், மாமா."

நான்கு வருடத்தில் 'எனக்கு' என்று அவள் தொடங்கிய முதல் வாக்கியம் அது. மாமனார் நீள மட்டையை உருவி, அதன் தலையைத் துண்டால் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.

அவள் இரண்டு முறை சரிபார்க்கவில்லை. நின்றாள், தோளைத் திருப்பினாள், வீசினாள்.

சத்தமே நன்றாக இருந்தது. பந்து எழும்பியது. குளத்தின் இந்தக் கரையைத் தாண்டியது, நடுவைத் தாண்டியது, அக்கரைக் கோரைப் புல்லுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, தண்ணீருக்குள் விழுந்தது.

"அடடா" என்றார் பல் டாக்டரின் மனைவி நிஜமான வருத்தத்தோடு.

மருமகள் வட்ட வட்டமாக விரியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மூன்றாவது கண்ணாடி வாங்க வைத்த அதே சிரிப்பு.

"அவர் பந்தெல்லாம் கிடக்கற இடத்துக்கே போயிடுச்சு, மாமா."

"பக்கத்துலகூடப் போகலம்மா. அவன் ஒரு நாளும் பாதிக் குளத்தைத் தாண்டினதில்ல" என்றார் மாமனார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணாடி மேல் பழி போடவில்லை.

*

தண்ணீரில் விழுந்தால், ஒரு அடி தண்டம் வைத்துக்கொண்டு, கரைக்கு இந்தப் பக்கம் வேறு பந்தைப் போட்டு ஆடலாம். எல்லோரும் கரையோரத்திலேயே போடுவார்கள். கொடிக்கு அதுதான் கிட்டம். ஆனால் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கொடியை நேராக வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். யாரும் போவதில்லை. கிட்டே இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டுத் தூரத்துக்கு யார் போவார்கள்?

மாமனார் போனார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து நடந்து, பல் டாக்டர் தம்பதி நின்ற நிழலையும் தாண்டிப் போனார்.

"சார், வீட்டுக்கா கிளம்பறீங்க?" என்றார் பல் டாக்டர்.

"கை வீச இடம் வேணும், டாக்டர்."

பந்தைப் போட்டார். முழு வீச்சு. கை குதிக்கவில்லை. பந்து குளத்தின் மேல் உயரமாகப் போய், கொடி நிற்கும் பச்சைத் தரையில் தொப்பென்று இறங்கி, கொஞ்சம் உருண்டு நின்றது.

மருமகள் கத்தவில்லை, குதிக்கவில்லை. அவர் நடந்து வரும்வரை நின்று, வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி அக்கரைக்கு நடந்தாள்.

அவள் குழியை நோக்கித் தட்டிய பந்து விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே நின்றது. விரல் அகலத் தூரம்தான்; மாமனாரின் கை குதித்தும் அது உள்ளேதான் விழுந்தது. பல் டாக்டரும் மனைவியும் கரையில் நிறுத்தி, தாண்டி, ஒழுங்காக முடித்தார்கள். ஒரே ஒரு அடியில் கோப்பை அவர்களுக்குப் போனது. வாழ்த்திக் கை குலுக்கினார்கள். போகிற போக்கில் டாக்டர், "கடைவாயில ஒண்ணு ஆடுது, சிரிக்கறப்ப பார்த்தேன், வந்து காட்டுங்க" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மரத்தடிக் குடைக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாமியார். அவர் பக்கத்தில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்து, இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றவர் கண்ணாடிக் கடைக்காரர்.

மருமகளின் கால் அங்கேயே ஊன்றிக்கொண்டது. நாலாவது கப்பு அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"தோத்தாச்சா?" என்றார் மாமியார்.

"ஒரே அடி" என்றார் மாமனார்.

"போகட்டும். கோப்பை வந்தா நான்தான் துடைக்கணும்."

கடைக்காரர் மாமனாரைப் பார்த்து, வேறு எதுவும் தோன்றாமல், "கண்ணாடி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருக்கு. அக்கரையிலேருந்து கப்பு தெரியுது. இங்க நின்னா உங்க முகத்துல இருக்கிற பயம்கூடத் தெரியுது."

அவர் உண்மையிலேயே பயந்துதான் இருந்தார். மருமகள் அவர் எதிரே வந்து நின்றாள். ஷூவெல்லாம் சேறு. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அவள் இனி நேரம் பார்ப்பதாக இல்லை.

"நான் அப்புறம்னு சொல்லப்போறதில்ல" என்றாள்.

அவர் முகம் வாடியது. நல்லவர்களுக்கு எதுவும் கெட்ட பக்கமாகத்தான் முதலில் புரியும்.

"வரேன்னு சொல்றேன்" என்றாள்.

ஊருக்கே பார்வை சரிபார்த்தவர், தன் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குடையைப் பார்த்தார். மாமியார் எழுந்து வந்து மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலால் அவள் கன்னத்தில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்தார், அது போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"அப்போ... நீங்க போன்ல போட்ட நிபந்தனையை இவங்ககிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?"

மருமகள் திரும்பினாள். மாமனாரும் திரும்பினார்.

"என்ன நிபந்தனை?"

"முதல்ல டீயைக் குடிங்க. ஆறிடும்" என்றார் மாமியார் அவசரமாக.

"ஃபிளாஸ்க்ல இருக்கிற டீ எப்படி ஆறும்?"

மாமியார் காதில் வாங்காமல் மூடியைத் திருகினார். கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் சட்டென்று கப்புகளை நேராக்க ஆரம்பித்தார்; நிபந்தனை என்னவென்று நமக்கு அடுத்த வாரம்தான் தெரியும் போல. மேலிடத்தின் கை கவனம் பிசகி, கப்புகளை விளிம்பு வரை நிரப்பிவிட்டது. ஒன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

மாமனார் வாங்கினார். மெதுவாக, சிந்தாமல், வாய்ப் பக்கம் கொண்டுபோனார். உதட்டுக்கு ஒரு விரல் முன்னால் கை குதித்தது. டீ சட்டையில் கொட்டியது.

வேறு நாளாக இருந்தால் கப்பு சுடுகிறது என்றிருப்பார், ஈ பறந்தது என்றிருப்பார். மருமகள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"கை" என்றார். "கொஞ்ச நாளா இப்படித்தான். உன்கிட்டச் சொல்லலை."

மாமியார் அவர் கையிலிருந்த கப்பை வாங்கி, அதில் கொஞ்சம் தன் கப்பில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும். அதான் நாலு வருஷமா முக்கால் கப்பு ஊத்தறேன்."